திரும்பி வர வழியில்லாத வரிசை

எங்கள் கன்டெய்னர் யார்டிலிருந்து குடும்பங்களை ஏற்றிக்கொண்டு தீம் பார்க்குக்குப் போன முதல் பஸ்ஸில் நானும் இருந்தேன். பொங்கல் கழிந்து அடுத்த பஸ் போகப்போகிறது. என்ன எடுத்துப் போகணும், எதில் ஏறணும், தங்குகிற ரூம் எப்படி என்று ஒவ்வொருவராக வந்து என்னிடம் கேட்கிறார்கள். நான் ஒரு ரைடில்கூட ஏறவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. வெல்டிங் வேலை செய்கிறவன், எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

மாலை போட்டிருந்தால் போகாதீர்கள். அதுதான் முதல் விஷயம். நான் போனது கார்த்திகையில், ஐயப்பனுக்கு மாலை போட்டு, கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாக. தேதியைக் கம்பெனி முடிவு செய்தது. நான் வரவில்லை என்று ஒதுங்கியிருப்பேன், மகள் விடவில்லை.

நான் மாலை போடுவதே அவளுக்காகத்தான். சின்ன வயதில் அவளுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்து, பிள்ளையைத் திருப்பிக் கொடு, வருஷா வருஷம் மலைக்கு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். கொடுத்தார். இப்போது ஆறாவது படிக்கிறாள். விளையாட்டுப் பீரியடில் மற்ற பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலுக்குக் காவலாக மரத்தடியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். அவளும், என்னோடு வேலை செய்கிற நண்பனின் மகளும் ஒரே வகுப்பு. அந்தப் பார்க்கில் இருக்கிற ரோலர் கோஸ்டரைப் போனில் பார்த்துப் பார்த்து, முன்சீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து உட்காருவது என்று பேசி வைத்திருந்தார்கள். ஒரு மாதமாக வீட்டில் வேறு பேச்சில்லை.

விடிவதற்கு முன்பே திருவொற்றியூரில் ஏறினோம். எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே பஸ் ஊர்ந்து, ஊரைத் தாண்டுவதற்குள் வெயில் வந்துவிட்டது.

சாப்பாடு கட்டிக்கொண்டு போகாதீர்கள். என் மனைவி விடியற்காலையில் தலைக்குக் குளித்துச் செய்த புளிசாதத்தை வாசலிலேயே வாங்கி ஒரு அலமாரியில் வைத்து டோக்கன் கொடுத்துவிட்டார்கள். உள்ளே இருக்கிற கடைகளில் சைவமும் அசைவமும் ஒரே அடுப்பு. நான் வாழைப்பழமும் இளநீரும்தான். தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் துணி வேண்டும். பருத்திச் சட்டையோடு போனால் அங்கேயே வாடகைக்கு எடுக்கச் சொல்வார்கள். கையில் காகிதப் பட்டை ஒன்று ஒட்டுவார்கள், அதைக் கிழித்துவிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். மதியத்தில் அங்கே சிமெண்டுத் தரை தோசைக்கல் மாதிரி காய்கிறது. நான் நிழலுக்கு நிழல் தாவித்தான் நடந்தேன். என் மனைவிக்கு உயரம் என்றாலே தலை சுற்றும். பைகளையும் போனையும் வைத்துக்கொண்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

ரோலர் கோஸ்டர் வரிசையில் மகள், அவள் தோழி, தோழியின் அப்பா, நான். இந்த இடத்தை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோயிலில் தர்ம தரிசன வரிசையில் நின்று பழகியவன் நான். அங்கேயும் கம்பித் தடுப்புதான். ஆனால் நடுவில் குழந்தை அழுதாலோ யாருக்காவது மயக்கம் வந்தாலோ கம்பிக்கு மேலே தூக்கி வெளியே விட ஒரு ஆள் இருப்பார். இங்கே கம்பி தோள் உயரம், இடையில் வலை. என் தொழில் அது என்பதால் பார்த்தேன். நல்ல வெல்டிங், குனிந்து நுழையக்கூட ஒரு இடைவெளி விடவில்லை. வளைந்து வளைந்து போகிறது. முன்னால் ஜனம், பின்னால் ஜனம். தலைக்கு மேலே ரயில் ஓடும்போதெல்லாம் கம்பி அதிர்ந்து கைக்கு வரும். பிள்ளைகள் இரண்டும் ஒவ்வொரு தடவையும் மேலே பார்த்துச் சிரித்தார்கள்.

கடைசி வளைவு தாண்டி, படிக்கட்டு ஏறுகிற இடத்தில் போர்டு இருந்தது. கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், வலிப்பு உள்ளவர்கள் ஏறக் கூடாது. நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் மகள் படித்துவிட்டாள். அவள் பேச்சு நின்றதில் தெரிந்தது. என் பக்கம் திரும்பவே இல்லை. தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்து நின்றாள்.

திரும்பலாம் என்றால் வழியில்லை. அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். மனைவியைக் கேட்கலாம் என்றால் போன் அவளிடம் இருக்கிறது. டாக்டர் என்ன சொன்னார் என்று யோசித்தேன். நன்றாக இருக்கிறாள், அடுத்த வருஷம் வாருங்கள் என்றார். இதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை. வரிசை நகர்ந்தது, எங்களைத் தள்ளிக்கொண்டு போய் மேடையில் விட்டது.

அங்கே நின்ற பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். என் மாலையைப் பார்த்து மரியாதையாகத்தான் பேசினாள்.

"சாமி, வேட்டி கட்டினவங்க ஏற முடியாது. பாப்பா உயரம் சரியா இருக்கு, தனியா போகலாம். ஹார்ட் பிராப்ளம், ஃபிட்ஸ் ஏதாவது இருக்கா?"

பின்னாலிருந்து நண்பன் என் காதோரம் வந்தான். "இல்லன்னு சொல்லு சாமி. பாப்பா நல்லாதான கீது, இன்னாத்துக்கு ரோசனை?"

மகள் அப்போதுதான் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. சும்மா பார்த்தாள்.

மாலை போட்ட வாயால் பொய் சொல்லக் கூடாது. அதுதான் காரணம் என்று அன்று நினைத்தேன். பயமும் இருந்தது. எது எவ்வளவு என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

"நெஞ்சுல ஆபரேஷன் ஆகிகீதும்மா. இப்போ நல்லாதான் கீறா. இதுல ஏறலாமா வேணாமான்னு எனக்குத் தெரியல" என்றேன்.

அந்தப் பெண் மகளின் தோளைத் தொட்டு, வேணாம் பாப்பா என்றாள். எப்படி வெளியே போவது என்று கேட்டேன். வெளியே போகும் படி ரயிலுக்கு அந்தப் பக்கம். காலியாக நின்ற பெட்டிக்குள் ஏறி, சீட்டைக் கடந்து, மறுபக்கம் இறங்கித்தான் போகணும். நான் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடந்தேன். பின்னால் வந்த மகள் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தாள். அந்தப் பெண் அதட்டவில்லை, பின்னால் நின்றவர்களும் சத்தம் போடவில்லை. ஒரு மூச்சு நேரம் அப்படியே இருந்துவிட்டு, எழுந்து, நான் நீட்டிய கையைத் தொடாமல் இறங்கினாள். அவள் இடத்தில் நண்பன் தன் மகளோடு போய் உட்கார்ந்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் அன்றைக்குப் பொழுது போகவே இல்லை. பஸ் மறுநாள் மதியம்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் பாட்டு, கூச்சல், தலைக்கு மேலே அந்த ரயில். நடந்ததைக் கேட்ட மனைவி, நானாக இருந்தால் பொய் சொல்லியிருப்பேன் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அப்படிச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்றாள். மகள் மரத்தடியை விட்டு எழுந்திருக்கவில்லை.

ரிசார்ட்டில் எங்களுக்குக் கொடுத்த ரூம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜன்னல் திறக்காது. கற்பூரம் ஏற்றக் கூடாது, புகை பட்டால் தீ எச்சரிக்கை மணி அடித்துவிடும் என்று சாவி கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்கள். சாயந்திரம் குளித்து, மேஜைமேல் சாமி படத்தை வைத்து, விளக்கில்லாமல் சரணம் சொன்னேன். எப்போதும் கூடச் சொல்கிற மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முடித்துத் திரும்பினேன். மாலை போட்ட நாளிலிருந்து என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவாள். அன்று அப்படிக் கூப்பிடவில்லை.

"நைனா, நீ மலைக்கு இன்னாத்துக்குப் போற?"

உனக்குத் தெரியாதா என்றேன்.

"நான் நல்லாயிட்டேன்னுதான போற. சாமிகிட்ட நல்லாயிட்டேன்ற. அந்த அக்காகிட்ட மட்டும் ஆபரேஷன்ற."

பொய் சொல்லக் கூடாதேம்மா, தெரியாததைத் தெரியாது என்றுதான் சொன்னேன் என்றேன்.

"தெரியலன்னா கேக்கணும். ஒவ்வொரு வாட்டியும் டாக்டராண்ட போறோம். நீ கும்பிட்டுட்டு வந்துடுற."

அவள் சொன்னது நிஜம். மாத்திரை தொடரணுமா என்று மட்டும் கேட்பேன், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். இன்னும் ஒன்று கேட்டால் இன்னும் ஒன்று சொல்லிவிடுவாரோ என்று இருக்கும். அந்த மூடின ரூமில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். கேட்கிறேன் என்று படத்தைப் பார்த்துச் சொன்னேன்.

ஊர் திரும்பிய வாரமே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நான் தொடங்குவதற்குள் அவளே டாக்டரிடம் கேட்டுவிட்டாள். ரோலர் கோஸ்டரில் ஏறலாமா, ஓடலாமா, எது எது கூடாது என்று வரிசையாகக் கேட்டாள். அவர் காதில் குழாயை மாட்டி அவள் நெஞ்சை நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். தலைகீழாகச் சுற்றுகிற அந்த மாதிரி ரைடு இப்போதைக்கு வேண்டாம், பெரியவளானதும் பார்க்கலாம். மற்றபடி ஓடலாம், குதிக்கலாம், நீச்சல்கூடக் கற்றுக்கொள்ளலாம்.

"ஸ்கூல்ல விளையாடறே இல்ல?" என்று அவளைக் கேட்டார்.

அவள் குனிந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "இனிமே விளையாடுவா சார்" என்று நான்தான் சொன்னேன்.

ஆகவே, போகிறவர்களே, வீட்டில் யாருக்காவது உடம்புக்கு ஏதாவது இருந்தால் பஸ் ஏறுவதற்கு முன்பே டாக்டரைக் கேட்டுவிடுங்கள். வரிசையில் நுழைவதற்கு முன்னால் அங்கே நிற்கிற ஆளையும் கேளுங்கள். மேடை வரைக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்காதீர்கள்.

ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டியதும் மகள் நடைபாதையில் ஓட ஆரம்பித்தாள். பழக்கமில்லாத ஓட்டம், கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். மெதுவா என்ற சொல் என் தொண்டைவரை வந்துவிட்டது. சாமியே சரணம் ஐயப்பா என்று சொல்லி அதை விழுங்கிவிட்டு, வெறுங்காலோடு எட்டி நடந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவள் பஸ் ஸ்டாப்பில் மூச்சிரைக்க நின்று, வருகிற பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள்.