நாற்பத்து நான்காவது சுவிட்சு

என் தங்கை லூர்துமேரியைப் பற்றி யாராவது கேட்டால் நான் என்னைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பேன் என்று எங்கள் அம்மா ஆரோக்கியம்மாள் குறை சொல்வதுண்டு. உண்மைதான். இங்கேயும் அப்படித்தான் ஆரம்பிக்கிறேன்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். பொம்மிடியிலிருந்து தருமபுரி போகும் சாலையில் இருந்த ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையின் அலுவலகத்தில் 1979-ல் பியூனாகச் சேர்ந்தேன். காலையில் திறப்பதும் மாலையில் பூட்டுவதும் என் பொறுப்பு. பூட்டுவதற்கு முன் எல்லா சுவிட்சையும் அணைக்க வேண்டும். அலுவலகத்தில் மொத்தம் நாற்பத்து மூன்று சுவிட்சுகள். யாரும் சொல்லாமலே நான் வருஷத்துக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, தினமும் அணைத்துவிட்டு டிக் அடித்து வந்தேன். பதினேழாம் எண் சுவிட்சைப் போட்டால் எதுவும் எரியாது. அணைத்தாலும் எதுவும் அணையாது. எதற்காக அதை வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அதையும் தினமும் தவறாமல் போட்டு, தவறாமல் அணைத்தேன்.

லூர்துமேரி எனக்கு எட்டு வயது இளையவள். எங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். டைப்ரைட்டிங்கில் தமிழும் ஆங்கிலமும் பாஸ் செய்துவிட்டு, சேலத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படிக்கப் போனாள். தினமும் விடியற்காலையில் அவளைச் சைக்கிளில் ஏற்றிப் பொம்மிடி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விடுவேன். பாசஞ்சர் வண்டி வரும்வரை நடைமேடையில் நிற்கிற எல்லோரிடமும், என் தங்கை கம்ப்யூட்டர் படிக்கிறாள் என்று சொல்லிவிடுவேன். டீக்கடை கிருஷ்ணப்பன் ஒருநாள் கேட்டார்: "அதுல என்னதாம்ப்பா பண்ணுவாங்க?"

"எல்லாமே பண்ணுவாங்க" என்றேன். அதற்குமேல் எனக்குத் தெரியாது. அவள் பக்கத்தில் நின்றுகொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

1987 அக்டோபரில் எங்கள் தொழிற்சாலைக்கே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு ஆள் வேண்டும் என்றார்கள். லூர்துமேரி விண்ணப்பம் போட்டாள், வேலை கிடைத்தது. ஆறு மாதம் தற்காலிகம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் மேனேஜர் வெங்கடாசலம். நான்தான் வாங்கிக் கொடுத்தேன் என்று ஊரில் சொன்னேன். நான் செய்தது, அவள் விண்ணப்பத்தை மேனேஜர் மேசையில் கொண்டுபோய் வைத்தது மட்டும்.

கம்ப்யூட்டருக்குத் தனி அறை, கண்ணாடிக் கதவு, ஏசி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெள்ளிக்கிழமை ஒன்பது முப்பத்திரண்டுக்கு நல்ல நேரம் பார்த்து, பெட்டிக்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, மேனேஜர் தன் கையாலேயே அதைப் போட்டார். திரையில் பச்சை எழுத்து வந்ததும் எல்லோரையும் பார்த்து ஒரு உத்தரவு சொன்னார்.

"நல்ல நேரத்துல போட்டது. இத யாரும் அணைக்கப்படாது. அணைச்சா உள்ள வாங்குனது பூரா மறந்துரும்."

நான் உடனே நம்பினேன். மேனேஜர் மேசையில் ஒரு சின்ன கால்குலேட்டர் உண்டு. அதை அணைத்தால் அதுவரை தட்டிய எண் போய்விடும் என்பதை நானே பார்த்திருக்கிறேன். சின்னதே அப்படியென்றால் பெரியது எப்படி இருக்கும்?

அன்றைக்கு நோட்டில் அந்த அறைக்கு மொத்தமாக நாற்பத்து நான்கு என்று எழுதினேன். அதற்கு எதிரே டிக் போட வழியில்லாமல் போயிற்று. மாலையில் நாற்பத்து மூன்றையும் அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டும்போது, அந்த ஒரு அறை மட்டும் பச்சையாகத் தெரியும். யாருமில்லாத நாற்காலிக்கு ஏசி குளிர் அடித்துக்கொண்டிருக்கும். எனக்கு வயிறு எரியும். ஆனால் ஊருக்குப் போனால் பேச்சு மாறிவிடும். "எந்தங்கச்சி மிசினு ராத்திரியில கூடத் தூங்காது" என்பேன். மற்றவர்கள் மிஷின்கள் எல்லாம் தூங்கி வழிவது போல.

லூர்துமேரி மூன்று மாதம் உட்கார்ந்து, எங்களுக்கு மாங்காய் கொடுக்கிற தோட்டக்காரர்களின் விவரத்தை எல்லாம் அதில் அடித்து முடித்தாள். பெயர், ஊர், எத்தனை மரம், என்ன ரகம், எந்த வாரம் காய் இறங்கும். மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பேர். சீசனில் யாருக்கு எப்போது லாரி அனுப்புவது என்பது முழுக்க அந்தப் பட்டியலை வைத்துத்தான்.

1988 மார்ச்சில் மின்வெட்டு கடுமையானது. தொழிற்சாலைக்கு இத்தனை யூனிட்தான் என்று அளவு வைத்தார்கள். சீசனுக்கு ஐந்து வாரம் இருந்தது. மிச்சம் பிடிக்கிற யூனிட் எல்லாம் கூழ் அரைக்கிற மிஷினுக்கு வேண்டும். மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு, எங்கே குறைக்கலாம் என்று கேட்டார். நான் என் நோட்டைக் கொண்டுபோனேன். பன்னிரண்டாம் எண்ணை நிறுத்திவிடலாம் என்று யோசனை சொன்னேன். அது மேனேஜர் தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேன் என்பது வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது.

அப்போது லூர்துமேரி எழுந்தாள். "சார், ஆறு மணிக்கு மேல கம்ப்யூட்டரும் ஏசியும் சும்மாதானுங்க ஓடுது. வேல முடிஞ்சா அணைச்சிரலாம்."

"என்னம்மா மேரி, நல்ல நேரத்துல போட்டதாச்சே. அணைக்கறதுக்கு எந்த நேரம் பாக்கறது?"

"வேல முடியற நேரந்தானுங்க."

குமாஸ்தா பெரியநாயகம் சிரித்துவிட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. "ஆயிரத்தி நூத்திச் சில்ற பேரு உள்ள இருக்குது. போச்சுன்னா?"

"போவாதுங்க."

"போச்சுன்னா?"

"போச்சுன்னா அதோட நானும் போயிடறனுங்க."

நான் டீத் தட்டோடு நின்றிருந்தேன். இரண்டு டம்ளர் தளும்பின.

கடைசியில் மேனேஜர் ஒரு ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார். சனிக்கிழமை மாலை அணைப்பது, திங்கட்கிழமை காலை போடுவது. பட்டியல் இருந்தால் தினமும் அணைக்கலாம், லூர்துமேரிக்கு நிரந்தர உத்தரவும் உண்டு. இல்லாவிட்டால் அவள் சொன்ன சொல்படியே வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியது.

சனிக்கிழமை மாலை அவள் அணைத்தாள். திரையில் பச்சை ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தது. பஸ்ஸில் வரும்போது நான் மெதுவாகக் கேட்டேன்.

"ஏம்மா, சார் மேசையில இருக்கற கால்குலேட்டர அணைச்சா எண்ணு போயிருதில்ல?"

"அது வேற, இது வேறண்ணா. இதுக்குள்ள ஒரு தட்டு இருக்குது. அடிக்கறதெல்லாம் அதுல பதிஞ்சிரும். பாட்டுத் தட்ட நிறுத்துனா பாட்டு அழிஞ்சா போவுது?"

"கீறல் விழுந்தா?"

"நீ கிட்டப் போவாம இருந்தா கீறல் வுழாது. சாவி உங்கிட்ட இருக்குதேன்னுதான் எனக்கு பயம்."

"நான் ஏம்மா தொடப்போறேன்?" என்றேன். பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷம் தொடும் எண்ணம் எனக்கு இல்லை.

மறுநாள் தவக்காலத்து ஞாயிறு. சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். என் காதில் எதுவும் விழவில்லை. தட்டில் பதிந்த பெயர்கள் ஒவ்வொன்றாக உதிர்வது போலவே இருந்தது. ராத்திரி முழுக்க அணைந்து கிடந்திருக்கிறது. இதற்குள் எத்தனை பேர் போயிருப்பார்கள்? இப்போது போட்டுவிட்டால் பாதிப் பேராவது மிஞ்சுவார்கள். திங்கட்கிழமை விடியற்காலை போய் அணைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

பூசை முடிந்ததும், சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஒன்பது மைல் மிதித்தேன். காவலாளி முனியப்பன் கேட்டார்: "ஞாயித்துக்கெழமயில என்னப்பா?"

"டிபன் பாக்ஸ மறந்துட்டேன்" என்றேன்.

"அது சைக்கிள்லயே தொங்குதே."

"அது வேற டிபன் பாக்ஸு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, மேனேஜர் முதல் நாள் போட்டது போலவே சுவரில் இருந்ததைப் போட்டு, பெட்டியின் பக்கவாட்டில் இருந்த சிவப்பு சுவிட்சையும் தள்ளினேன். உறுமியது. திரையின் மூலையில் எண்கள் ஓடின. நினைவு திரும்புகிறது என்று சந்தோஷப்பட்டேன். பிறகு பீப் என்று ஒரு சத்தம். ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்து நின்றது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். செவ்வாய்க்கிழமை, ஜனவரி 1, 1980. அதற்குக் கீழே ஏதோ கேட்டுக்கொண்டு ஒரு கோடு மினுக்கியது.

மிஷினுக்கு எட்டு வருஷம் மறந்துபோயிருந்தது. 1980-ல் லூர்துமேரி பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அந்த மிஷினைப் பொறுத்தவரை அப்படி ஒரு ஆபரேட்டரே கிடையாது.

பக்கத்தில் குனிந்து, "இது 1988" என்று அதனிடம் சொன்னேன். இதை இதுவரை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

இனி அணைக்க எனக்குத் தைரியம் இல்லை. காய்ச்சல்காரனைப் போல ஒரு நாள் முழுக்க விட்டுவைத்தால் தேறிவிடும் என்று நினைத்து, ஏசியையும் போட்டுவிட்டுப் பூட்டினேன். தவக்காலத்துக்காக விட்டிருந்த பீடியை வழியிலேயே வாங்கிப் பற்றவைத்தேன். ஊர் வந்ததும் கோவிலில் அந்தோணியார் சுரூபத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி வைத்தேன். காணாமல் போன சாமானைத் தேடிக் கொடுக்கிறவர் அவர். எங்கள் ஊரில் தொலைந்த ஆடு, மூக்குத்தி எல்லாம் தேடிக் கொடுத்திருக்கிறார். எட்டு வருஷத்தைத் தேடச் சொன்னது நான் ஒருவன்தான்.

திங்கட்கிழமை தங்கைக்கு முன்னால் கிளம்பிச் சைக்கிளிலேயே போனேன். திரையில் இன்னும் 1980. அணைப்பதா விடுவதா என்று நான் நின்றுகொண்டிருக்கும்போதே மேனேஜர் வந்துவிட்டார். வழக்கமாகப் பத்து மணிக்கு வருகிறவர் அன்றைக்கு எட்டரைக்கே வந்தார். நான் எதையும் மறைக்கவில்லை.

"சார், மேரி மேல தப்பு இல்லீங்க. அவ அணைச்சது சரியாத்தான் அணைச்சா. நாந்தான் நேத்து வந்து போட்டேன். நான் போட்ட வெதத்துல மிசினுக்கு எட்டு வருசம் மறந்துபோச்சுங்க. வேலைய வுட்டு எடுக்கறதா இருந்தா என்ன எடுங்க."

மேனேஜர் திரையைப் பார்த்தார். "அன்னிக்கே சொன்னேன்" என்றவர், பழைய பேரேடுகளைப் பரண்மேலிருந்து இறக்கச் சொல்லிப் பெரியநாயகத்தைக் கூப்பிட்டார். மறுபடியும் அடிக்க மூன்று மாதம் ஆகும். சீசனுக்கு ஐந்து வாரம்கூட இல்லை.

ஒன்பது மணி பஸ்ஸில் லூர்துமேரி வந்தாள். செருப்பைக் கழற்றினாள். திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். யார் போட்டது என்று கேட்கவில்லை. உட்கார்ந்து, அன்றைய தேதியை அடித்தாள். நேரம் அடித்தாள். இன்னும் ஏதோ இரண்டு மூன்று தட்டுத் தட்டினாள். பச்சை எழுத்தில் வரிசையாகப் பெயர்கள் இறங்கின. தீர்த்தமலைக்காரர், நாற்பத்திரண்டு மரம், பெங்களூரா ரகம். அரூர், நூற்றுப்பத்து மரம், நீலம். ஓடிக்கொண்டே போய்க் கடைசியில் நின்றது. ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு.

"இதுக்குள்ள கடியாரம் இல்லீங்க சார். எப்ப எழுப்புனாலும் 1980-ன்னுதான் எந்திரிக்கும். நாம தேதி சொன்னா சரின்னு கேட்டுக்கும்."

"எப்ப எழுப்புனாலும்னா? இப்பத்தானே மொத தடவ அணைச்சோம்?"

லூர்துமேரி கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். அதுவும் நாற்பது பக்கம். "ராத்திரியில கரண்டு போனா இதுவும் போயிருமுங்க. வந்தா இதுவும் வந்துரும். அக்டோபர்ல இருந்து முப்பத்தியொரு நாளு காலையில இது 1980-லதான் நின்னுது. தேதிய போட்டுட்டு நான் வேலயப் பாத்தேன். ஒரு பேரு கூடப் போவல."

"இத ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"ரெண்டு தடவ சொன்னனுங்க. ராசியில்லாத பேச்சு பேசாதன்னீங்க."

மேனேஜர் திரையில் நின்ற பெயர்களைப் பார்த்தார். பிறகு, "ஆனா பரிச்ச கெட்டுப்போச்சேம்மா. உங்கண்ணன் நடுவுல பூந்துட்டானே" என்றார்.

"சனிக்கெழம சாயந்தரம் இருந்து ஞாயித்துக்கெழம காலையில வரைக்கும் அணைஞ்சுதானுங்க கெடந்துது. அதுக்கு எங்கண்ணனே சாட்சி. பத்தலைன்னா இப்ப நீங்களே அணைச்சுப் பாருங்க."

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பரண் ஏணியில் நின்றிருந்த பெரியநாயகம், "ராகு காலம் ஒம்பது மணியோட முடிஞ்சுதுங்க சார்" என்றார். அவர் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறவர்.

மேனேஜர் சிவப்பு சுவிட்சைத் தள்ளினார். அறை அமைதியானது. மனதுக்குள் ஏதோ எண்ணிவிட்டு மறுபடி தள்ளினார். உறுமியது, பீப் என்றது, 1980 என்றது. ஒரே விரலால் அவரே தேதியை அடித்தார். அவள் சொல்லச் சொல்ல மற்றதையும் தட்டினார். தீர்த்தமலைக்காரர் நாற்பத்திரண்டு மரத்தோடு வந்து நின்றார். மேனேஜர் இன்னொரு தடவை அணைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் சார் என்று அவள்தான் தடுத்தாள்.

அன்று மதியம் தன் நிரந்தர உத்தரவைத் தானே அந்தக் கம்ப்யூட்டரில் அடித்தாள் என் தங்கை. மேனேஜர் கையெழுத்துப் போட்டார். கூடவே ஒரு சுற்றறிக்கையும் அடிக்கச் சொன்னார். ஆறு மணிக்கு மேல் கம்ப்யூட்டரும் ஏசியும் அணைக்கப்பட வேண்டும். அணைக்கும் பொறுப்பு ஆபரேட்டருடையது. பியூன் அந்த அறைக்குள் தனியாக நுழையக் கூடாது. சுற்றறிக்கையை எல்லோரிடமும் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவது பியூன் வேலை. வாங்கினேன். கடைசியில் நானும் போட்டேன்.

ஆறு மணிக்கு நாற்பத்து மூன்றையும் அணைத்துவிட்டு, நோட்டைக் கண்ணாடிக் கதவு வழியாக அவளிடம் நீட்டினேன். அவள் அணைத்துவிட்டு வந்து, ஐந்து மாதமாகக் காலியாக இருந்த நாற்பத்து நான்குக்கு எதிரே டிக் போட்டாள். அறை இருட்டாகியிருந்தது. பூட்டும்போது எனக்கு வயிறு எரியவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டே அவள் நோட்டைப் புரட்டினாள். "ஏண்ணா, இந்தப் பதினேழு எதுக்குன்னு கண்டுபுடிச்சியா?"

"இல்ல."

"அணைச்சிட்டியா?"

"அணைச்சிட்டேன்" என்றேன். இருந்தாலும் சாவியைத் திருப்பி, உள்ளே போய், இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.