எண்ணெய்த் துணி

எங்கள் திருத்தணி வீட்டு மாடிக்குத் தேக்குப் பலகைத் தளம். எழுபதுகளில், தங்கை கல்யாணத்துக்கு முன்னால், பெயிண்ட் வேண்டாம், மரத்தின் ரேகை தெரியட்டும் என்று நானே அதற்கு ஆளிவிதை எண்ணெய் பூசினேன். மிச்ச எண்ணெயைத் துடைத்த பழைய வேட்டித் துணிகளை மூலையில் சுருட்டிப் போட்டுவிட்டு மலைக் கோயிலுக்குப் போனேன்.

திரும்பியபோது மாடியெல்லாம் புகை. மூலைப் பலகைகள் கருகிக் கிடந்தன. பக்கத்து அறையில் குடியிருந்த நெசவாளி முனிரத்தினம்தான் தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தார். கையெல்லாம் கொப்புளம். ஆனால் அவர் பீடி குடிப்பவர். எனக்கு அது போதும்.

"வீட்டையே கொளுத்தப் பாத்தியா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

"அணைச்சிட்டுதாங்க போட்டேன்னு நெனைக்கிறேன்," என்று தடுமாறினார். அந்த வாரமே மனைவியோடு பொதட்டூர்பேட்டைக்குப் போய்விட்டார்.

பலகைகளை மாற்றி மறுபடி எண்ணெய் பூசினேன். சாப்பிட்டு வந்து, துடைத்துப் போட்டிருந்த துணிச் சுருட்டை எடுத்தால் கை சுட்டது. உள்ளிருந்து புகை வந்தது. வீட்டில் என்னைத் தவிர யாருமில்லை.

மறுநாளே பொதட்டூர்பேட்டை போனேன். என்னைக் கண்டதும் முனிரத்தினம் தறியை விட்டு எழுந்தார். "அன்னிலேர்ந்து பீடியத் தொடறதில்லங்க," என்றார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"போனா போவுதுங்க," என்றார் அவர். மனைவிதான் விடவில்லை. "தூக்கத்துலகூட 'அணைச்சேனா, அணைச்சேனா'ன்னு கேட்டுகினு இருந்தாருங்க. அதுக்கு என்னாங்க சொல்றீங்க?"

எண்ணெய் காயும் சூட்டில் துணி தானாகப் பற்றிக்கொள்ளும் என்று தெரியாமல் போனதை நான் என்றோ மன்னித்துக்கொண்டேன். ஒரு மனிதரைத் தன் நினைவையே நம்ப முடியாமல் செய்தேனே, அதை இன்னும் மன்னிக்க முடியவில்லை.