மூன்றாவது கம்பி

என் மனைவி கோட்டயத்தில் ஒரு வீட்டில் தங்கி, படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். மகளின் படிப்புக்காகப் போனவள். இரண்டு வருடம் ஆகிவிட்டது. மகள் மதுரையில் விடுதியில் இருக்கிறாள். ஓடைப்பட்டி வீட்டில் நானும், பீரோவுக்கு மேல் ஒரு கிட்டாரும்.

கிட்டார் அவளுடையது. சிறுவயதில் கன்னியர் மடத்து விடுதியில் தங்கிப் படித்தபோது கற்றுக்கொண்டாள். எங்கள் கல்யாணத்துக்கு முன்பு, மாதா கோயிலில் அவள் பூசைக்கு வாசிக்கிற நாட்களில் நான் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நிற்பேன். பெண் பார்க்கப் போன அன்றும் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. காப்பி நீட்டிய விரல்களைத்தான் பார்த்தேன். கம்பியை அழுத்தி அழுத்தி நுனி காய்த்திருந்தது. என் கையும் அப்படித்தான். திராட்சைத் தோட்டங்களில் பந்தலுக்குக் கம்பி இழுத்துக் கட்டுவது என் வேலை.

போன கிறிஸ்மஸுக்கு நான்கு நாள் லீவில் வந்தாள். காலைப் பூசையில் வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கம்பி தொய்ந்தது. கம்பியை முறுக்குகிற கீயைத் திருகினாள். பல் தேய்ந்துபோய் அது சும்மா சுற்றியது. கூடப் பாடியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு வெறுங்கையோடு நின்று பாடினாள். வீட்டுக்கு வந்ததும், "இத வச்சு இனி என்ன செய்ய? யாருக்காச்சும் குடுத்துருங்க" என்றாள்.

எனக்கு அது என்னவோ போல இருந்தது. இந்த வீட்டில் அவள் விட்டுப்போன பொருள் அது ஒன்றுதான். அதையும் வேண்டாம் என்கிறாளே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த அம்மா சாப்பிட்டு ஓய்ந்ததும் நாங்கள் போனில் பேசுவோம். பேசுவோம் என்று எழுதுகிறேன். "சாப்டீகளா?" "ம். நீ?" "ஆச்சு. மழை உண்டா?" "இல்ல." அதற்கு மேல் எனக்கு வராது. வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்செல்லாம் போனை எடுத்ததும் எங்கேயோ போய்விடும். அவள் மூச்சு விடுவது கேட்கும். கொஞ்ச நேரத்தில், "சரி, வைக்கட்டா?" என்பாள்.

மழை பெய்து வேலை இல்லாத ஒரு நாள் கிட்டாரை இறக்கினேன். மேல்பக்கம் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு தகடு, தகட்டுக்கு மூன்று கீ. துருவேறிய ஒரு தகட்டைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு தேனிக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்தார்.

"யாருண்ணே வாசிக்கிறது, பையனா?"

"இல்ல. வீட்டுல."

"வீட்டுலன்னா?" ஒரு நிமிடம் கழித்துத்தான் அவருக்குப் புரிந்தது. "மதினியா! சொல்லவே இல்லையே. அப்ப நீங்க என்ன, மத்தளமா?"

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். புது செட்டையும் கம்பிகளையும் எடுத்துக்கொண்டு, எப்படிப் பூட்டுவது என்று கேட்காமலே வெளியே வந்துவிட்டேன். அட்டைப்பெட்டியில் எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது படம் மாதிரிதான்.

புதுத் தகட்டின் திருகுத் துளைகள் பழைய துளைகளோடு சேரவில்லை. இம்மி தள்ளி நின்றன. விளக்குமாற்று ஈர்க்கைச் சீவிப் பசையில் தோய்த்துப் பழைய துளைகளை அடைத்தேன். ஒரு நாள் காயவிட்டேன். மறுநாள் ஊசியைச் சுட்டுப் புதுத் துளைக்கு அடையாளம் வைத்தேன். திருகுகள் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு. பந்தல் கல்தூணில் கம்பிக்கு முறுக்குப் போடும் கைக்கு அவை அகப்படவில்லை. ஒன்று கீழே விழுந்து, பாய் முழுக்கத் தடவி எடுத்தேன். இரண்டு தகடும் பூட்டி முடித்தபோது புது வெள்ளிபோல் இருந்தது. கம்பிகளையும் மாட்டினேன்.

பந்தல் கம்பியை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். விரலால் சுண்டினால் தெரியும். இதையும் அப்படியே சுண்டிச் சுண்டி இழுத்தேன். மெல்லிய கம்பி பட்டென்று அறுந்து கன்னத்தில் அடித்தது. அப்போதுதான் புரிந்தது, இதன் அளவு என் விரலில் இல்லை, அவள் காதில் இருக்கிறது. கடைக்காரர் ஒரு கம்பி கூடுதலாக வைத்திருந்தார், புண்ணியவான்.

ஞாயிற்றுக்கிழமை போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதுவும் சொல்லாமல் ஒரு கம்பியைச் சுண்டினேன்.

இன்னொரு தரம் சுண்டினேன்.

"என்ன அது?" என்றாள்.

"உன்னோடதுதான். கீ மாத்திட்டேன்."

"யாருட்ட குடுத்து?"

"நாந்தேன்."

மறுபடியும் சுண்டச் சொன்னாள். பிறகு, "அது ரொம்ப ஏறியிருக்கு. இறக்குங்க" என்றாள்.

திருகினேன்.

"இறக்கச் சொன்னா ஏத்துறீக!"

"இல்ல புள்ள, நீ எப்பவும் திருகுற பக்கந்தான் திருகுறேன்."

"அய்ய... இருங்க இருங்க. வலப்பக்கத் தகட்ட இடப்பக்கமும், இடத வலத்துலயும் பூட்டிட்டீகளா?" கோட்டயத்தில் இருந்துகொண்டு, கண்ணால் பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டாள். அப்படிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! பின்னால் அந்த அம்மாவின் குரல் கேட்டது. "ஆராடீ அது?"

"என்டெ ஆளா, அம்மச்சீ" என்றாள் இவள்.

என்னுடைய ஆள். தமிழில் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

"கழட்டி மாத்திப் பூட்டிர்றேன்" என்றேன்.

"வேணாம். கழட்டாதீக. நான் வந்து பாக்கணும் அந்தக் கூத்த."

ஆறு கம்பியையும் சரி செய்ய முக்கால் மணி நேரம் ஆனது. "இன்னும் ஒரு நூல்... போதும், விடுங்க" என்று அவள் சொல்ல, நான் திருப்ப. புதுக் கம்பி வாரம் ஒரு முறை இறங்கும் என்றாள். இறங்கியது. அடுத்த ஞாயிறும் சரி செய்தோம், அதற்கடுத்த ஞாயிறும். நடுவில் பேச்சும் தானாக வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் பழம் வெடித்தது, அம்மச்சி இவள் வைத்த ரசத்தைத் தவிர வேறெதையும் தொடாதது, மகள் தலைமுடியை வெட்டிக்கொண்டது.

ஆறேழு வாரத்தில் கம்பிகள் படிந்துவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் போடுவதற்கு முன் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தேன். எதுவும் இறங்கவில்லை. என் காதுக்கே அவ்வளவு பழகியிருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. மூன்றாவது கம்பியின் கீயைக் கால் சுற்று தளர்த்தி வைத்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். அன்றிலிருந்து வாராவாரம் அப்படித்தான்.

இந்தக் கிறிஸ்மஸுக்கு விடுவார்களா என்று தெரியவில்லை. அம்மச்சியின் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வருகிறார்களாம். கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். போன வாரம்தான் இதைச் சொன்னாள். நான் கம்பிகளைச் சுண்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

"மூணாவது மட்டும் எப்பிடி இம்புட்டு இறங்குது?"

"கீ புதுசுல்ல. அப்பிடித்தான் இருக்கும்."

"ஆமா, இருக்கும் இருக்கும்." சரியாகும் வரை ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன். வைக்கும் முன்பு அவள் சொன்னாள்: "அடுத்த ஞாயித்துக்கெழம நாலாவத இறக்கி வைங்க. மூணாவது பாவம்."