வெள்ளை ட்ரில்லில் ஒரு பாய்

கட்டுமரம் என்றால் எனக்குத் தெரியாதா? நாலு கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து அலைமேல் தள்ளிக்கொண்டு போவார்கள். காரைக்கால் கடற்கரையில் தினமும் பார்க்கிறதுதான். அதனால் அந்தப் பிரெஞ்சுப் பெண்மணி, தானும் தன் கணவரும் பிரான்சிலிருந்து ‘கத்தமரானில்’ வந்திருப்பதாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல்லை எதன் தலையிலோ கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் ஒரு பெண்கள் பள்ளியில் பிரெஞ்சு டீச்சர். அப்பாவுக்கு அம்பகரத்தூரில் வயல். வேலைக்காக நான் தலத்தெருவில் அக்கா வீட்டில் இருந்தேன். பிரெஞ்சு தெரிந்த ஆள் வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு அந்தப் பெண்மணி பள்ளிக்கே வந்துவிட்டார். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, “டீச்சர், இவங்களுக்கு என்னமோ வேணுமாம். நீங்களே கேளுங்க” என்றார்.

அவருக்கு வேண்டியது ஒரு ‘வுவால்’. அவசரமாக வேண்டும், பெரிதாக வேண்டும். அந்தச் சொல் எனக்குத் தெரியும். எங்கள் பாடப்புத்தகத்தில் கல்யாணப் பெண் முகத்தில் போட்டுக்கொள்ளும் மெல்லிய திரைக்கு அதுதான் பெயர். நம்மூர் ஜவுளிக்கடையில் வாயில் புடவை என்கிறோமே, அந்த வாயிலும் இந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். என் அக்கா புருஷன், அதாவது என் அத்தான், ஜவுளிக்கடையில் விற்பனையாளர். பிறகென்ன யோசனை? மிதப்போடு அந்தப் பெண்மணியை நேராக அங்கே அழைத்துப் போனேன்.

“அத்தான், இவங்களுக்கு வாயில் புடவை காட்டுங்க. நல்லா பெருசா வேணுமாம்.”

அத்தான் கலர் சோடா வரவழைத்தார். பூப்போட்டது, புள்ளி போட்டது, கரை வைத்தது என்று இருபது புடவைகளை உதறிப் போட்டார். அந்தப் பெண்மணி மரியாதைக்காக ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு புடவையின் இரண்டு மூலைகளைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றார். கடல்காற்று வந்து புடவை புடைத்துக்கொண்டது. அதைப் பிடித்தபடியே, காற்று தன்னை இழுத்துப் போவது மாதிரி இரண்டு எட்டு பின்னால் நடந்து காட்டினார்.

அத்தான்தான் முதலில் கத்தினார். “அட, பாய்! படகுக்குப் பாய் கேக்குறாங்கம்மா!”

பிரெஞ்சில் அந்தச் சொல்லைப் பெண்பாலில் சொன்னால் படகின் பாய், ஆண்பாலில் சொன்னால் முகத்திரை. அவர் முதல் வார்த்தையிலிருந்தே பெண்பாலில்தான் சொல்லியிருக்கிறார். ஆண்பால் பெண்பால் தப்பினால் மாணவிகளுக்கு முழுசாக ஒரு மார்க் குறைப்பவள் நான். வெட்கத்தில் அந்தக் கலர் சோடாவை நானே குடித்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அரசலாற்று முகத்துவாரத்துக்கு அருகில் நின்றிருந்த அவர்களுடைய படகைப் பார்க்க அத்தானும் நானும் போனோம். ஒன்றல்ல, இரண்டு படகுகள். இரண்டையும் சேர்த்து நடுவே ஒரு தளம், தளத்தின்மேல் ஒரு வீடு. உள்ளே அடுப்பு, கட்டில், அலமாரி நிறையப் புத்தகம். கொடியில் உள்பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. கரையில் இறங்கிக் குனிந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது. மரத்தோடு மரத்தைப் பிணைக்கிற அதே யோசனைதான். நம்மூர்ச் சொல்லை அவர்கள் எதன் தலையிலும் கட்டவில்லை. அதன்மேல் ஏறி உலகத்தில் பாதியைத் தாண்டி வந்திருக்கிறார்கள். முந்தின நாள் சிரித்ததற்காக மனசுக்குள் என்னை நானே வைதுகொண்டேன்.

ஆறு வருஷம் இரண்டு பேரும் தங்கள் கையாலேயே கட்டிய படகாம். கடலிலிருந்து வெகுதூரத்தில், ஒரு வயலில். எங்கள் வயலில் நெல்லும் உளுந்தும்தான் விளைந்திருக்கின்றன. வயலில் வீடு முளைத்து, அந்த வீடு கடலுக்குப் போய்விட்டது என்றால் எங்கள் அப்பா நம்புவாரா?

பெரிய பாய் புயல்காற்றில் தலையிலிருந்து கால்வரை கிழிந்துபோயிருந்தது. எஞ்சினைப் போட்டுத் தட்டுத்தடுமாறிக் கரை சேர்ந்திருக்கிறார்கள். இங்கே தங்க மூன்று வாரம்தான் அனுமதி. ஊரிலிருந்து புதுப்பாய் வர இரண்டு மாதம் ஆகும். அந்தச் சின்ன எஞ்சினை நம்பி இந்துமாக்கடலைத் தாண்ட முடியாது. மெட்ராசில் ஒருவர் படகை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். விற்றுவிட்டு விமானம் ஏறிவிடலாம் என்று கணவர் முடிவே செய்துவிட்டார். “அவர் படகை விற்கவில்லை, என் வீட்டை விற்கிறார்” என்று அந்தப் பெண்மணி என்னிடம் சொன்னார். கணவர் காதில் விழாதவர்போல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தான் அவர் பாட்டுக்குக் கிழிந்த பாயிலிருந்து ஒரு நூலை உருவி, தீக்குச்சியைக் கிழித்து அதன் நுனியில் வைத்தார். நூல் எரியாமல் உருகி மணி மணியாகச் சுருண்டது. “டெரிலின்மா! நம்ம கடையில மாப்பிள்ளைச் சட்டைக்குக் கிழிச்சுக் குடுக்குறோமே, அதே டெரிலின்!” அவருக்கு உடம்பெல்லாம் பூரிப்பு. அந்தப் பெண்மணியின் முகத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

சாயங்காலமே கடையிலிருந்து மூன்று துணி வந்தது. முதலில் டெரிலின் சட்டைத்துணி. அத்தான் அதை நேராக இழுத்தார், அசையவில்லை. கோணல்வாட்டில் இழுத்தார், கோவில் யானையின் காது மாதிரி தொங்கிப்போனது. அவர் கோணலாக இழுத்ததைப் பார்த்ததும் அந்தப் பெண்மணி கைதட்டினார். பாய்த்துணியைத் தேர்வதில் முதல் சோதனையே அதுதானாம். புடவை கிழிக்கிற மனிதருக்கு அது எப்படித் தெரிந்தது என்று அவருக்கு ஆச்சரியம். ரவிக்கைத் துணி வாங்க வரும் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் இழுத்துப் பார்க்கிறார்கள் என்றார் அத்தான்.

இரண்டாவது, லாரிக்குப் போடுகிற தார்ப்பாய். கணவருக்கு அதுதான் பிடித்தது. கெட்டியாக இருக்கிறது, கிழியாது என்றார். வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது நனைஞ்சா நீங்க ரெண்டு பேரு இல்ல, நாலு பேரு இழுத்தாலும் மேல ஏறாதுங்க” என்றார். நான் மொழிபெயர்த்தேன். கணவர் தோளைக் குலுக்கினார். அது ஆகாது என்றதும் அதோடு விட்டுவிட்டார் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மூன்றாவது, வெள்ளை ட்ரில். பள்ளிக்கூட யூனிஃபார்முக்கு எடுக்கிறோமே, அதே துணி. நாங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொள்ள, மீனவர் ஒரு சொம்புத் தண்ணீரை நடுவில் ஊற்றினார். குனிந்து அடியில் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. வெகுநேரம் கழித்து ஒரே ஒரு சொட்டு தயங்கித் தயங்கி இறங்கியது. “தண்ணி நின்னா காத்தும் நிக்கும்” என்றார் மீனவர். கோணலாக இழுத்தால் கொஞ்சம் நீளத்தான் செய்தது. ஓரத்தில் இரட்டையாக மடித்துக் கயிறு வைத்துத் தைத்தால் தாங்கும் என்று அந்தப் பெண்மணி சொன்னார். அதைக் கணவரிடம் சொல்லவில்லை, துணியிடம் சொல்வதுபோல் தடவிக்கொண்டே சொன்னார்.

பள்ளியின் பிரார்த்தனைக் கூடத்தில், பழைய பாயை விரித்துச் சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டோம். பாய் என்பது தட்டையான துணி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். துண்டுகளின் விளிம்பை அந்தப் பெண்மணி லேசாக வளைத்து வெட்டினார். ஏன் என்று கேட்டேன். அப்படி வெட்டிச் சேர்த்தால்தான் பாய்க்கு வயிறு வரும், வயிறு இருந்தால்தான் காற்று தங்கும் என்றார். ரவிக்கைக்கு டக் பிடிக்கிற வேலை! தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த எனக்குப் புல்லரித்துவிட்டது. ரவிக்கையில் நான் நூறு தடவை செய்திருக்கும் காரியம், ஒரு வீட்டையே கடலில் இழுத்துப் போகுமா?

வேலை முடிந்தபோது அனுமதியில் நாலு நாள் மிச்சம். மெட்ராஸ் ஆள் மறுநாள் வருவதாகத் தந்தி வந்திருந்தது. “ஒருமுறை ஏற்றிப் பார்ப்போம்” என்று மட்டும் அந்தப் பெண்மணி சொன்னார். கணவர் மறுக்கவில்லை. என்னையும் அத்தானையும் கூப்பிட்டார்கள். “கல்யாணமாவாத பொண்ணு, கடல்ல என்னடி வேல?” என்று அக்கா கத்தினாள். எங்கள் வீட்டில் கடல் என்றால் மாசி மகத்துக்குக் கால் நனைக்கிற இடம், அவ்வளவுதான். நான் போனேன்.

முகத்துவாரத்தைத் தாண்டும்போது படகு தூக்கிப் போட்டது. அத்தான் ஓரமாகக் குனிந்து வாந்தியெடுக்க ஆரம்பித்துவிட்டார். கணவர் ஒரு கையில் சுக்கானும் மறுகையில் எஞ்சின் சாவியுமாக நின்றிருந்தார். அந்தப் பெண்மணி தனியாகக் கயிற்றை இழுத்துப் பாயை ஏற்றினார். வெள்ளை ட்ரில் முதலில் படபடவென்று அடித்துக்கொண்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திடீரென்று அந்தப் படபடப்பு நின்றது. கிழிந்துவிட்டதாக்கும் என்று கண்ணைத் திறந்தால், நாங்கள் தைத்த வயிறு முழுசாகக் காற்றை வாங்கிக்கொண்டு நின்றது. படகு ஒருபக்கமாக லேசாகச் சாய்ந்து விறுவிறுவென்று கிளம்பியது.

கணவர் எஞ்சினை நிறுத்தினார். ஒரு சத்தமும் இல்லை. அடுப்பு, கட்டில், புத்தகம், வாந்தியெடுக்கிற அத்தான், எல்லாவற்றையும் யூனிஃபார்ம் துணி ஒன்று இழுத்துக்கொண்டு போகிறது. என்னையறியாமல் கைகூப்பினேன். காற்றையா கும்பிட்டேன், கடலையா, துணியையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கணவர் அண்ணாந்து பாயைப் பார்த்தபடி ஏதோ சொன்னார். அத்தான் தலையைத் தூக்கி, “என்னம்மா சொல்றாரு?” என்றார்.

“வீடு நடக்குதுங்கிறாரு, அத்தான்.”

“அப்ப விக்க மாட்டாரா? கேளும்மா.”

நான் திரும்பினேன். அவர் சுக்கானை மனைவி கையில் கொடுத்துவிட்டு, தளத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். நான் கேட்கவில்லை.