போட்டு வாறன்

எங்கள் பக்கத்தில் யாரும் "போறன்" என்று சொல்லிக்கொண்டு வீட்டுப் படி இறங்குவதில்லை. அது கூடாத சொல். "போட்டு வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும், போய்விட்டு வருகிறேன் என்று. தர்மபுரத்திலிருந்து பூநகரிக்குப் படிப்பிக்கப் போகும் நானும் ஒவ்வொரு நாளும் விடியவே மகளிடம் அப்படித்தான் சொல்லிப் போனேன்.

பரந்தனில் பஸ் மாறி ஏறினால், வயல்கள் முடிந்து வெளி தொடங்கும். பிறகு ஆழமில்லாத கடல். நீரும் வானமும் ஒரே நிறமாகிவிடும். பஸ் ஓடாமல் மிதப்பதுபோல் இருக்கும். இறங்காமலே இப்படிப் போய்க்கொண்டிருந்தால் என்ன என்று நினைப்பேன். அதை ஆசை என்றுதான் நம்பினேன். களைப்பு என்று தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி என்றாலும் வாணி விழா என்றாலும் "ரீச்சர் செய்வா" என்பார்கள். வீட்டில் கணவர் மகளிடம் "அம்மா செய்வா" என்று கைகாட்டுவார். இளகின இரும்பைக் கண்டால் கொல்லன் தூக்கித் தூக்கி அடிப்பானாம். நானோ, அடியுங்கோ என்று வாகாகப் படுத்துக் கொடுத்த இரும்பு.

காய்ச்சல் இல்லை. இரத்தம் சோதித்தும் பார்த்தாயிற்று, ஒரு குறையும் இல்லை. ஆனால் கறிக்கு உப்புப் போட்டேனா என்று நினைவிராது. மகள் ஏதாவது சொன்னால் அவள் வாய் அசைவது தெரியும், கதை காதில் ஏறாது. "ஓம், ஓம்" என்பேன்.

ஒரு பின்னேரம் வேலையால் வந்து கைப்பையைக் கதிரையில் வைத்தேன். குசினியில் தேத்தண்ணி போட்டு மகளுக்குக் கொடுத்தேன். முற்றத்து வேம்பில் மஞ்சள் வெயில் கிடந்தது. எல்லாம் தண்ணீருக்குள் நடப்பதுபோல் மெதுவாக இருந்தது. கைப்பையை எடுத்துத் தோளில் கொழுவி, செருப்பைப் போட்டுக்கொண்டு அவள் தலையைத் தடவினேன்.

"போட்டு வாறன், பிள்ளை."

"இப்பதானே அம்மா வந்தனீங்கள். எங்கை போறியள்?"

எங்கே போகிறேன் என்று உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். அவள் கோப்பையை வைத்துவிட்டு என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். பயந்துவிட்டாள். நான் அதைவிடப் பயந்தேன்.

படியிலேயே இருந்துவிட்டேன். அந்தச் சொல்லில் இரண்டு பாதி உண்டு. போவதை ஒருநாளும் தவறவிட்டதில்லை. வருவதை எப்போது விட்டேன் என்றுதான் தெரியவில்லை. பின்னேரங்களில் என் பையும் செருப்பும் மட்டும்தான் வீட்டுக்கு வந்திருக்கின்றன. பிள்ளை அவற்றோடுதான் இருந்திருக்கிறாள். அழுகை வந்தது, அழுதேன். "அம்மா இன்னும் வீட்டுக்கு வந்து சேரேல்லை, பிள்ளை," என்று அவளிடம் சொன்னேன்.

அன்றே பள்ளிக்கூட அதிபருக்கு ஃபோன் எடுத்து லீவு சொன்னேன்.

"விழா வேலை கிடக்கே, ரீச்சர்."

"கிடக்கட்டும் சேர்," என்றேன். அந்தச் சொல் வாய்க்கு இவ்வளவு சுகமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

மறுநாள் விடிந்த பிறகும் பாயில் கிடந்தேன். நான் ஏறும் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. மகள் பள்ளிக்கூட உடுப்போடு வந்து என் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"அம்மா, வந்திட்டியளோ?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "வந்துகொண்டிருக்கிறன், பிள்ளை," என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு புத்தகப் பையைத் தோளில் கொழுவினாள்.

"அப்ப நான் போட்டு வாறன். நீங்கள் இருங்கோ."