சபூறா நிரப்பிவிட்ட பரல்

பக்கத்து வளவுச் சபூறாவின்ர தகப்பன் பக்கீர், சைக்கிளில துணி கட்டிக்கொண்டு செட்டிகுளம் முழுக்க வித்துத் திரிஞ்ச மனிசன். என்ர கலியாணச் சீலையும் அவற்ர துணிக்கட்டில வந்ததுதான். சண்டைக்குள்ள அந்தக் குடும்பம் புத்தளம் போய் முகாமில கிடந்தது. கனகாலத்துக்குப் பிறகு சபூறா மட்டும் ஒரு தையல் மெஷினோட திரும்பி வந்தா.

முகாமில தண்ணிக்கு வரிசையில நிண்டு நிண்டு, வெறும் தண்ணிப் பரலைக் கண்டால் அவாவுக்கு மனம் கேளாது. பிள்ளைக்குப் போலப் பரலுக்குச் சோறு தீத்தாததுதான் குறை எண்டு ஒழுங்கையில நக்கல் அடிப்பினம். போன வருசம் மழை பிழைச்சு, வெக்கையில கிணறும் வத்திப்போச்சு. தண்ணி பவுசர் லொறியிலதான் வந்தது. அது வாற நேரம் என்ர மகன் அனோஜனும் அவன்ர பெண்சாதி மேனுகாவும் வேலையில நிப்பினம். எனக்குக் கால் ஏலாது. சபூறாதான் எங்கட பரலையும் நிரப்பிவிடுவா. அடித்தண்ணியை மட்டும் ஒருநாளும் ஊத்தமாட்டா. வீணாக்கினால் அல்லாஹ் கேப்பான் எண்டு, பழசுக்கு மேலயே புதுசை விடுவா.

மேனுகா அப்ப பிள்ளைத்தாச்சி. அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு மாரியிலதானே வாறது எண்டு நான் மல்லி அவிச்சுக் குடுத்தன். கண்ணுக்குப் பின்னால நோகுது எண்டு அவள் அழுத பிறகுதான் ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடினம். டெங்குதான். தாயும் பிள்ளையும் தப்புமோ எண்டு ஆரும் சொல்லேல்ல.

சுகாதாரப் பரிசோதகர் வந்து எங்கட பரலுக்குள்ள டோர்ச் அடிச்சார். பழைய அடித்தண்ணியில நுளம்புக் குடம்பி புழுப்போல நெளிஞ்சுது. வெக்கை கூடக் கூட நுளம்பு கெதியாய்ப் பெருகுமாம். மழை இல்லாட்டிலும் தேக்கி வைச்ச தண்ணி அதுக்குக் காணுமாம். வேலிக்கு அங்கால நிண்டு கேட்ட சபூறா, போய்த் தன்ர பரலைக் கவிட்டுவிட்டா. பிறகு எங்கட படலைக்கு வரவேயில்லை. மேனுகாவுக்காக நோன்பு பிடிச்சவ எண்டு பிறகுதான் அறிஞ்சன்.

தெய்வமே எண்டு மேனுகா சுகமாய் வந்தாள். வயித்துப் பிள்ளைக்கும் ஒண்டுமில்லை. வந்தவள் வீட்டுக்குள்ள போகாமல் நேரே சபூறாவின்ர வேலியடிக்குப் போனாள்.

"மாமி, நாளைக்குப் பவுசர் வருகுதாம். எங்கட பரலை ஆர் நிரப்பிறது?"

சபூறா நிலத்தைப் பாத்தபடி நிண்டா. "நான் நிரப்பினதாலதானே பிள்ளை உனக்கு..."

"நீங்கள் நிரப்பாட்டி நாங்கள் என்னத்தைக் குடிச்சிருப்பம்? பரல் வாய்க்கு ஒரு துணிமூடி தைச்சுப் போட்டிட்டு நிரப்புங்கோ."

அண்டு பின்னேரமே மெஷின் சத்தம் கேட்டது. இப்ப எங்கட ஒழுங்கையில எல்லாப் பரலும் இறப்பர் நாடா வைச்ச துணித்தொப்பியோட நிக்குது. என்ர பேத்தி பிறந்தபோது முதற்சட்டை தைச்சதும் சபூறாதான்.

பவுசர் வர முந்தி எங்கட பரலைச் சரிச்சு, உரஞ்சிக் கழுவுறதும் அவாதான். அடித்தண்ணியை வாழைக்கு ஊத்தேக்க, இன்னும் கொஞ்சம் தயங்கி, பிஸ்மில்லா சொல்லித்தான் ஊத்துவா.

"வீணில்லை அக்கா," எண்டுவா, "வாழை குடிக்குது."