வெங்காயத்துக்கு மண் அணைத்த கதை

கூட்டேரிப்பட்டுப் பக்கம் எனக்குக் கொஞ்சம் மல்லாட்டை நிலம். வேர்க்கடலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். பள்ளிக்கூடம் போனதில்லை, அதனால் எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பெங்களூர் நர்சரியில் வேலை பார்க்கும் மச்சினன், தன் அக்காவுக்கு ஒரு தொட்டிச் செடி கொண்டுவந்தான். வறண்ட நாட்டில் வளரும் ஏறும் வெங்காயமாம். பஸ் ஸ்டாப்பில் மூட்டைமேல் குந்தியிருக்கும் ஆள் மாதிரி, பச்சைக் கிழங்கு மண்மேல் உட்கார்ந்திருந்தது. உச்சியிலிருந்து நூல்போல ஒரு கொடி கிளம்பியிருந்தது; அதை ஜன்னல் கம்பியில் சுற்றிவிட்டான்.

“விஷம் மாமா. சாம்பார்ல போட்டுடாதீங்க.”

“உங்கக்கா சாம்பாரையே தாங்கிக்கினு இருக்கேன். இது இன்னாடா பண்ணும்?”

என் வீட்டுக்காரி அதற்குச் சிரிக்கவில்லை. காலையில் எழுந்ததும் அந்தக் கொடியைத்தான் பார்ப்பாள், அப்புறம்தான் என்னை. தன் தங்கச்சி பிரசவத்துக்கு மரக்காணம் கிளம்பும்போதும் அதே கவலை.

“எப்பனா ரவ தண்ணி தெளிங்க. வேற ஒண்ணும் பண்ணாதீங்க.”

பண்ணாமல் இருக்க முடியுமா? மல்லாட்டை பூத்ததும் மண் அணைத்தால்தான் காய் பிடிக்கும். இங்கே கிழங்கே அம்மணமாகக் கிடக்கிறது. வயலிலிருந்து மண் கொண்டுவந்து, ஆட்டு எருவும் கலந்து, உச்சி மறையும்வரை அணைத்தேன். ஒரு குடம் தண்ணீரும் ஊற்றினேன்.

கொடி மஞ்சளாகப் பழுத்தது. மல்லாட்டையில் அப்படிப் பழுத்தால் விளைந்துவிட்டது என்று அர்த்தம். அவள் திரும்பி வந்த அன்று கூடையோடு நின்றேன்.

“என் வெங்காயம் எங்கங்க?”

“கீழதான். எத்தினி வச்சிருக்குமோ, நீயே பிடுங்கு.”

விரலால் தோண்டினாள். கிழங்கு ஒரு பக்கம் கொழகொழவென்று வந்தது, நாற்றத்தோடு.

“மல்லாட்டைய உட்டா வேற எதுவும் தெரியாதா உங்களுக்கு?”

“கேப்பையும் தெரியும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கூடையைக் கவிழ்த்து வைத்தேன்.

வீடியோ காலில் மச்சினன் சொல்லச் சொல்ல, அழுகலை வெட்டி எடுத்தாள். உள்ளே பாதிக் கிழங்கு கெட்டியாக இருந்தது. நிழலில் காயவைத்து, வெறும் மணல்மேல் உட்காரவைத்தாள். துளிர்க்கும்வரை தண்ணீர் கிடையாதாம். மோட்டார் போட்டே பழகிய கை எனக்கு. சொம்பைக் கண்டாலே அரித்தது. சும்மா இருப்பதைப்போல் கஷ்டமான விவசாயத்தை நான் செய்ததில்லை.

ஒரு நாள் காலையில் ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது.

“துளிர் உட்டுக்கீது. வந்து பாருங்க.”

ஓடினேன்.

“அங்கியே நில்லுங்க. கைய பின்னால கட்டிக்கினு பாருங்க.”

கட்டிக்கொண்டு பார்த்தேன்.